பேச்சைப் பாட்டாக்கிய மென்பொருள்: கேஷாவின் 'அனிமல்' எப்படி ஒலிக்கிறது?

அமெரிக்கப் பாடகி கேஷாவின் முதல் ஆல்பமான 'அனிமல்' 2010 ஜனவரியில் வெளிவந்தது. வந்த வேகத்தில் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்த 'டிக் டாக்' பாட்டு தனிப்பாடல் பட்டியலின் உச்சியை ஒன்பது வாரம் விட்டுக்கொடுக்கவில்லை (அதே பெயரில் ஒரு செயலி வருவதற்குச் சில ஆண்டுகள் இருந்தன). விற்பனைக்குக் குறைவில்லை, மரியாதைதான் கிடைக்கவில்லை. குடி, கூத்து, விடிய விடிய ஆட்டம் என்பதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் பேசாத பாடல்கள். பெயரில் ஓர் எழுத்துக்குப் பதில் டாலர் குறி. போதாக்குறைக்குக் குரலெங்கும் ஆட்டோ-ட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள். இந்தப் பெண்ணுக்குப் பாட வராது, கம்ப்யூட்டர்தான் பாடுகிறது என்று சொல்லி ஒரு சாரார் கோப்பை மூடிவிட்டார்கள்.

கோப்பைத் திறந்து பார்க்கலாம். வரிகளின் இலக்கியத் தரத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. 'டைனோசர்' போன்ற பாடல்கள் ஒரு ஜோக்கை மூன்று நிமிடம் இழுக்கும் ரகம். ஆனால் அந்த ஆல்பத்தில் கம்ப்யூட்டர் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், காதின் இயல்பையும் அன்றைய ஒலிபெருக்கிகளின் பலவீனத்தையும் நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது என்று விளங்கும்.

குரலிலிருந்து தொடங்குவோம். ஆட்டோ-ட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் இசைத்துறையில் தொழில் தொடங்கியவர் அல்லர். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கணக்கிட்டு, எண்ணெய் எங்கே இருக்கக்கூடும் என்று கண்டுபிடிப்பது அவருடைய துறை. அங்கே பயன்பட்ட கணக்குமுறைகளில் ஒன்று தன்ஒப்பீடு. ஓர் அலையின் பிரதியை எடுத்து, மூல அலையின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நகர்த்திய அளவு சரியாக ஒரு முழு அதிர்வுக்குச் சமமாகும் இடத்தில் இரண்டும் பொருந்திக்கொள்ளும். 4 மில்லி விநாடி நகர்த்தும்போது பொருந்தினால், அந்தக் குரல் விநாடிக்கு 250 முறை அதிர்கிறது என்று அர்த்தம். சுருதி தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கை நேரடியாகப் போட்டால் அன்றைய கம்ப்யூட்டர்கள் திணறியிருக்கும். ஹில்டபிராண்ட் பெருக்கல்களை வெகுவாகக் குறைக்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். 1997-இல் மென்பொருள் விற்பனைக்கு வந்தது.

சுருதியைக் கண்டுபிடித்த பிறகு திருத்த வேண்டும். மேற்கத்திய இசையில் ஒரு சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் இடையிலான விகிதம் 1.0595. 440 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 440 அதிர்வு) அடுத்த படி 466.16. பாடுபவரின் குரல் 448-இல் நின்றால், மென்பொருள் அதைப் பக்கத்திலிருக்கும் 440-க்கு இறக்கும். அலையைச் சற்று மெதுவாக ஓட்டினால் சுருதி இறங்கும். அதனால் கூடும் நேரத்தை ஈடுகட்ட அவ்வப்போது ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள். ஏற்றுவதென்றால் வேகமாக ஓட்டி, ஒரு சுற்றை இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள். பாட்டின் நீளம் மாறாமல் சுருதி மட்டும் மாறிவிடும்.

இதில் ஒரு திருகாணி உண்டு: திருத்தம் எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும் என்பது. சில பத்து மில்லி விநாடிகள் அவகாசம் கொடுத்தால் குரலின் இயல்பான சறுக்கலும் நடுக்கமும் தப்பித்துவிடும், கேட்பவருக்கு எதுவும் தெரியாது. அவகாசத்தைப் பூஜ்யமாக்கினால் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியே இல்லை, தாவத்தான் வேண்டும். வயலினை ஹார்மோனியமாக மாற்றுவது போன்ற வேலை இது. (ஹார்மோனியத்தில் கமகம் வராது என்ற புகாரும் சேர்ந்துதான் 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது, தடை தளர 1971 வரை ஆனது. சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை இழப்பதற்கு எதிரான கோபம் எந்த ஊருக்கும் புதிதல்ல.) பாடகி செர் 1998-இல் 'பிலீவ்' பாட்டில் இந்தப் பூஜ்ய அவகாசத்தைத் துணிந்து காட்டினார். 2005-க்குப் பின் பாடகர் டி-பெயின் அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். 2009-இல் ராப் பாடகர் ஜே-ஸீ ஆட்டோ-ட்யூனுக்கு மரண அறிவிப்பு வாசித்து ஒரு பாட்டே போட்டார். 2010-இல் 'டைம்' இதழ், உலகின் மோசமான 50 கண்டுபிடிப்புகளில் அதையும் சேர்த்தது. 'அனிமல்' வந்து மாட்டிக்கொண்ட நேரம் அது.

கேஷா அதை வேறு விதமாகக் கையாண்டார் என்பதுதான் கவனிக்கப்படாமல் போனது. அவருடைய சரணங்களில் பெரும்பகுதி பாட்டே அல்ல, பேச்சு; தூக்கம் கலையாத, பாதி கிண்டலான பேச்சு. பேச்சில் சுருதி எங்கும் நிலைத்து நிற்பதில்லை. ஓர் அசைக்குள்ளேயே ஏறி இறங்கும். இதைப் பூஜ்ய அவகாச ஆட்டோ-ட்யூனில் விட்டால், ஒவ்வொரு சறுக்கலும் படிக்கட்டாக உடைகிறது. வரியின் கடைசிச் சொல்லைச் சலிப்போடு இழுத்தால், அந்த இழுப்பே ஒரு குட்டி மெட்டாக வந்து விழும். பாடத் தெரியாததை மறைக்கும் வேலை என்றால் பாடும் இடத்தில்தானே வேண்டும்? இங்கே பேசும் இடத்தில் போட்டு, பேச்சிலிருந்து சுரத்தைக் கறந்திருக்கிறார்கள்.

தாளத்தோடு சேர்த்துக் கேட்டால் இன்னும் தெளிவாகும். 'டிக் டாக்' நிமிடத்துக்கு 120 அடி வேகம். ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி, கால் அடிக்கு 125. இயல்பான ஆங்கில உரையாடலில் ஓர் அசைக்கு 200 மில்லி விநாடி போல ஆகும். அந்தக் கால் அடிக் கட்டங்களில் அசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பும் இடங்களில் குரல் ஒரு தாளக்கருவி ஆகிவிடுகிறது. ஓர் அசையை வெட்டி அடுத்தடுத்து ஒட்டும் திக்கல் உத்தியும் அதே கட்டத்தில்தான் ஏறுகிறது. பாட வராது என்ற குற்றச்சாட்டுக்கு 2017-இல் 'ப்ரேயிங்' பாட்டில் கேஷா உச்சஸ்தாயியிலேயே பதில் சொல்லிவிட்டார் என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

அடுத்தது பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கீழ்ச்சுரங்கள். ஆல்பம் வெளிவந்த முதல் வாரத்தில் ஏறத்தாழ 1,52,000 பிரதிகள் விற்றன. அதில் 76 சதவீதம் டவுன்லோடு. அதாவது, வாங்கியவர்கள் பெரும்பாலும் லேப்டாப்பிலும் வெள்ளை இயர்போனிலும் கேட்டவர்கள். லேப்டாப்பின் சின்ன ஒலிபெருக்கி 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. 'டிக் டாக்' டி மைனரில் அமைந்தது. பேஸ் வரிசையில் டி சுரம் 73 ஹெர்ட்ஸில் வந்தால் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வரவே வராது. ஆனாலும் பேஸ் கேட்டது. எப்படி?

சைன் அலை என்றால் ஒரே அதிர்வெண், அது போனால் எல்லாம் போயிற்று. ரம்ப வடிவ அலையில் 73-ஓடு அதன் மடங்குகளும் உண்டு: 147, 220, 294, 367 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். அடிச்சுரத்தை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டாலும் மேலே உள்ளவை தப்பி வரும். அவற்றுக்கிடையே சீராக 73 இடைவெளி இருப்பதை மூளை கண்டுகொண்டு, இல்லாத 73-ஐக் கேட்டதாகவே நமக்குச் சொல்லிவிடும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக் 1840-களிலேயே ஓட்டைகள் போட்ட சைரன் தட்டை வைத்து இந்த விசித்திரத்தை நெருங்கிவிட்டார். அந்தக் கால எலெக்ட்ரோபாப்பின் கரகர பேஸ் மலிவாக ஒலித்தது என்று சொன்னவர்கள் உண்டு. கரகரப்பு என்பது அந்த மேல் மடங்குகள்தான். அதைச் சீவி வழவழப்பாக்கியிருந்தால் பாதிப் பேருக்குப் பேஸே கேட்டிருக்காது.

நடனக் கூடத்தில் பிரச்சினை தலைகீழ். அங்கே பெரிய ஒலிபெருக்கி, கீழ் அதிர்வெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிக் டிரமும் பேஸும் ஒரே 50–100 ஹெர்ட்ஸ் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கணத்தில் உச்சம் தொட்டால் டிஜிட்டல் உச்சவரம்பைத் தாண்டி ஒலி உடையும். உடையாவிட்டாலும் ஒன்று மற்றொன்றை மூடிவிடும். எரிக் பிரைட்ஸ் 2004-இல் ஹிட்டாக்கிய 'கால் ஆன் மீ' போன்ற நடனப் பாடல்களிலிருந்து இந்தப் பாப் அலைக்கு வந்த தீர்வு, சைட்செயின் கம்ப்ரெஷன். சிந்தசைஸர் (சுருக்கமாக சிந்த்) தடத்தில் ஒலியை அமுக்கும் ஒரு கம்ப்ரெஸரைப் போட்டு, அதன் கட்டுப்பாட்டைக் கிக் டிரமிடம் கொடுத்துவிடுவார்கள். கிக் விழும்போதெல்லாம் சிந்த் சட்டென்று அமுங்கும், ஒன்றிரண்டு நூறு மில்லி விநாடிகளில் மறுபடி எழும்பும், அடுத்த கிக் வந்து மறுபடி அமுக்கும்.

நெரிசலைத் தீர்க்கப் போட்ட ஏற்பாடு ஒரு தாளத்தையும் இலவசமாகக் கொடுத்தது. சிந்த் உரக்க ஒலிப்பது இரண்டு கிக்குகளுக்கு நடுவில், அதாவது எதிரடியில். யாரும் எதிரடி வாசிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் மரியா விடெக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். தாளத்தில் எதிரடிச் சிக்கல் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் ஆடத் தோன்றுவதில்லை, நடுத்தரமாக இருக்கும்போதுதான் உடல் அசைய விரும்புகிறது என்றது அது. நேர் அடியில் இடிக்கும் கிக், அதற்கெதிரே வீங்கி எழும் சிந்த் என்ற கூட்டணி அந்த நடுப்பகுதியில்தான் விழுகிறது என்பது என் கணிப்பு. வேகமும் உதவுகிறது: மனிதர்கள் இயல்பாக நடப்பது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு, நிமிடத்துக்கு 120.

பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் இந்தச் சூத்திரம் எங்கும் இருந்தது. 2009-இல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் இரண்டு பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக 26 வாரம் தொடர்ந்து அமெரிக்க முதலிடத்தை வைத்திருந்தன. எல்லோரும் பயன்படுத்தியதாலேயே காதுக்குப் புளித்தும் போனது.

ஆல்பத்தின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: சத்தம். சிடியின் 16 பிட்டுக்குள் 65,536 அளவு நிலைகள் உண்டு. அதற்கு மேலே போக முடியாது. அதனால் உச்சங்களை லிமிட்டரால் தட்டையாக்கி, மிச்சத்தையெல்லாம் கூரைவரை தூக்குவார்கள். மற்ற பாட்டைவிட உன் பாட்டு உரக்கக் கேட்டால் நீ ஜெயித்தாய் என்ற போட்டி அப்போது உச்சத்தில் இருந்தது. 'அனிமல்' அந்தப் போட்டிக் காலத்தின் பிள்ளை. தொடர்ந்து கேட்டால் களைப்பு வருவது நம் வயதினால் மட்டுமல்ல, இறங்கி ஏற இடமே இல்லாத ஒலியினால். வாத்தியமில்லாத குரல்களின் அடுக்கோடு தொடங்கும் 'ஸ்டீபன்' வரும்போது சற்று மூச்சு விட முடிகிறது.

ஆல்பத்தின் முதன்மைத் தயாரிப்பாளர் டாக்டர் லூக்குக்கும் கேஷாவுக்கும் 2014-இல் தொடங்கிய வழக்குகள் 2023-இல் சமரசமாக முடிந்தன. அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்கவே மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ மைனஸ் 14 LUFS (உரப்பை அளக்கும் டெசிபல் அலகு) என்ற ஒரே சராசரி உரப்பு அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. மைனஸ் 8-இல் கத்தும் பாட்டு ஒன்று இருந்தால் அது 6 டெசிபல் குறைக்கப்படும். அலையின் உயரம் பாதியாகும். உரக்கக் கத்தி வாங்கிய அனுகூலம் அங்கேயே ரத்து. செட்டிங்ஸில் உரப்பைச் சமன்படுத்தும் அந்த வசதியை முதலில் அணைத்து 'டிக் டாக்'கைக் கேளுங்கள், 2010-இல் கேட்டது ஏறக்குறைய அதுதான். பிறகு வசதியைப் போட்டு, நல்ல ஹெட்ஃபோனில் மறுபடி கேளுங்கள். கத்தல் இறங்கியதும் சிந்த் அமுங்கி எழுவதையும் கடைசி அசைகள் படியேறுவதையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியும்.