வாசா கப்பல்: கரையேறிய பிறகு தொடங்கும் சேதம்

சுவீடனின் போர்க்கப்பல் வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்தது. 333 ஆண்டு கழித்து, 1961 ஏப்ரல் 24-இல் கிட்டத்தட்ட முழு உருவோடு மேலே வந்தது. ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பால்டிக் கடலில் உப்பு குறைவு; மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது.

ஆனால் நீரில் ஊறிய ஓக் மரம் பார்வைக்குத்தான் திடம். மேற்பரப்பை நகத்தால் அழுத்தினால் பதியும். செல் சுவரின் செல்லுலோஸை பாக்டீரியா தின்றிருக்கும். உள்ளே நிற்கும் நீர்தான் சுவரைத் தாங்குகிறது. அது ஆவியாகும்போது மேற்பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுக்கும். மரம் சுருங்கி, வெடித்து, முறுக்கிக்கொள்ளும். அதனால் வாசாவைக் காயவிடாமல், 1962 முதல் 17 ஆண்டு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். செறிவை மெல்ல மெல்ல 45 சதவீதம் வரை ஏற்றினார்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க போராக்ஸும் போரிக் அமிலமும் சேர்த்தார்கள். அவசரப்பட்டு முதலிலேயே கெட்டியாகத் தெளித்தால், மெழுகு உள்ளே போவதைவிட வேகமாக நீர் வெளியேறி மரம் சுருங்கிவிடும்.

எதிர்பாராத வில்லன் இரும்பு. நகரச் சாக்கடையால் துறைமுக நீரில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து, கந்தகம் மரத்துக்குள் ஊறியிருந்தது. துருப்பிடித்துக் கரைந்த பழைய போல்ட்டுகளின் இரும்பும் கூடவே இறங்கியிருந்தது. காற்றும் ஈரமும் பட்டதும், இரும்பின் ஊக்கத்தில் கந்தகம் கந்தக அமிலமாக மாறுகிறது. மழை மிகுந்த 2000 கோடையில் கப்பல் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நனைந்த உடையோடு கூட்டம் வந்து ஈரப்பதம் ஏற, வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பொடி பூத்தது. சோடா ஒத்தடம் போட்டால் மேற்பரப்பு அமிலம் தணியும். ஆழத்தில் இருப்பது மீண்டும் வெளியே வரும். தற்காலிகத் தீர்வுதான். நிலையான 55 சதவீத ஈரப்பதமே உண்மையான மருந்து. 2011-க்கும் 2018-க்கும் இடையில் கரையேறிய பிறகு போட்டிருந்த 5,000-க்கு மேற்பட்ட இரும்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள்.

உங்கள் வலையில் பழைய கப்பல் மரம் சிக்கினால் வெயிலில் காயப்போடாதீர்கள். கடல்நீரிலேயே முழுக அமிழ்த்தி, மூடிய தொட்டியில் நிழலில் வையுங்கள். ஒட்டியிருக்கும் துரு ஆணியைப் பிடுங்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.