லோயர் ஓட்டுக் கேட்டு வந்தால்

போன தேர்தல் நேரம், இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பெயர் வெட்டப்பட்ட அவருடைய மகனின் வழக்கு என்னிடம் இருந்தது.

"லோயர் ஐயா, நீங்களும் எலெக்‌ஷன் கேக்கப் போறீங்களாமே? அப்ப எங்க கேஸ யாரு பாக்குறது?"

யாரோ கிளப்பிவிட்ட கதை. ஆனால் கேள்வி சரியானது.

எங்கள் பக்கம் சட்டத்தரணி தேர்தலில் நின்றால், "படிச்ச மனுசன், பார்லிமெண்ட்ல எந்திரிச்சு நின்னு பேசுவாரு" என்று ஒரு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) சொல்லும். "வாயை வித்துப் பொழைக்கிற ஆளு, அங்க போயும் அதத்தான் செய்வாரு" என்று அடுத்த லயம் சொல்லும். இரண்டுமே கறுப்புக் கோட்டைப் பார்த்துச் சொல்வதுதான்.

1947 தேர்தலில் நம் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அப்போது தமிழ்க் காங்கிரசில் ஜீ.ஜீ. பொன்னம்பலம், எஸ்.ஜே.வி. செல்வநாயகம் என்று இரண்டு பெரிய சட்டத்தரணிகள் இருந்தார்கள். பொன்னம்பலம் 1948இல் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் முரண்பட்டுப் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கோட்டு ஒன்றுதான், கட்சியும் ஒன்றுதான்.

வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்டு கொடக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. சட்டத்தைத் திருத்த வேண்டிய இடம் பார்லிமெண்ட். அதனால் சட்டம் தெரிந்தவர் அங்கே போவதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குப் பயம் வேறு.

"அவருக்குப் போட்டா கேஸ் வென்றுடும்" என்று நம்பி ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிபதியின் வேலையில் தலையிடுவது அரசியலமைப்பின் 116ஆம் உறுப்புரைப்படி குற்றம். அப்படி வாக்குறுதி தருகிற வேட்பாளர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது குற்றம் செய்யப் போகிறார்.

இன்னொன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை நீக்கப்பட்ட ஒருவர் தன் கடிதங்களை எல்லாம் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்திருந்தார். அந்தச் சட்டத்தரணியோ விருப்பு வாக்குக்காக, அதாவது கட்சிக்குப் போடும் ஓட்டோடு தன் இலக்கத்துக்கும் புள்ளடி கேட்டு, தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார். பணிநீக்கம் நடந்து 6 மாதத்துக்குள், தொழிலாளர் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போட வேண்டும். என்னிடம் அந்த மனிதர் வந்தபோது ஏழாவது மாதம். கடிதங்கள் அதே சிலோன் டீ பையில், மடிப்புக் கலையாமல் இருந்தன.

ஆகவே உங்கள் லோயர் போஸ்டரில் சிரிக்க ஆரம்பித்ததும் வெட்கப்படாமல் கேளுங்கள்: விண்ணப்பம் போட்டாச்சா, வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணைக்கு யார் வருவார்? தொழில் நியாய சபைக்குத் தொழிலாளியே விண்ணப்பிக்கலாம், சங்கமும் விண்ணப்பிக்கலாம். காணி வழக்கு மாதிரி சிவில் வழக்கென்றால் நீங்கள் பிரொக்சியில், அதாவது உங்களுக்காக வழக்கை நடத்த லோயருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வைத்திருப்பீர்கள். நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கலாம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தே பலர் கேட்பதில்லை. கோபித்தால் கோபிக்கட்டும்.

அந்த அம்மாவிடம் நான் தேர்தல் கேட்கவில்லை என்றேன். நம்பினாரோ என்னவோ, "சரிங்கய்யா, அடுத்த தவணைய ஒரு துண்டுல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.