நின்ற பஸ்ஸின் மறைவில்

கொழும்பு வெள்ளவத்தையில் ரியூஷன் விடும் நேரத்தில் பார்த்தால், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஓட்டோவும் வானும் வரிசை கட்டி நிற்கும். பலருக்கு வீடு பத்து நிமிட நடைதான். "இந்த ரோட்டை நம்பி எப்படி விடுறது?" என்று அம்மாமார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடக்க விடாததிலும் நட்டம் இருக்கிறது. வளர்ந்தவரின் எலும்பில் உள்ள கனிமத்தில் ஏறக்குறைய கால்வாசி, பிள்ளை கிடுகிடுவென்று உயரும் அந்த இரண்டு வருடங்களில்தான் சேருகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் கால் தரையில் பதிய, எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய கால்வாய்களில் திரவம் நகர, அங்குள்ள கலங்கள் அதை உணர்ந்து ‘இங்கே இன்னும் கட்டு’ என்று சேதி அனுப்புகின்றன. வானில் உட்கார்ந்து வரும் காலுக்கு அந்தச் சேதி இல்லை.

சரி, ரோட்டுக்கு வருவோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடிவிடும். பிள்ளையைக் கண்டு சாரதியின் கால் பிரேக்கில் விழவே கிட்டத்தட்ட ஒரு செக்கன் போய்விடும், அப்புறம் காய்ந்த ரோட்டிலேயே இன்னும் 14 மீற்றர் ஓடித்தான் நிற்கும். அதே கார் 30இல் வந்தால் எல்லாமாக 13 மீற்றர் அளவில் நின்றுவிடும். அதாவது, மெதுவாக வந்த கார் முழுதாக நின்ற இடத்தில், வேகமாக வந்தது பிரேக்கே பிடித்திருக்காது! மழை நாளில் இன்னும் மோசம்.

எனக்கு மிகவும் பயம் நடந்து போகிறவர்கள் ரோட்டைக் கடக்கும் மஞ்சள் கடவையில்தான். பஸ் நின்று வழிவிடுகிறது, பிள்ளை நம்பி இறங்குகிறது. பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரிவது பஸ்ஸின் முதுகு மட்டும். பிள்ளை வெளியே தெரியும்போது இடைவெளி ஐந்து மீற்றர் என்றால், அவர் 30இல் வந்தாலும் கை பிரேக்குக்குப் போக முன்பே மோதிவிடும்.

அதனால் மகளுக்கு நான் பழக்கியது இதுதான்: பஸ்ஸின் விளிம்பு வந்ததும் நில், தலையை மட்டும் நீட்டிப் பார். பஸ் சாரதி கை காட்டினால், அவர் நிற்கிறார் என்று மட்டுந்தான் அர்த்தம், பக்கத்தில் வருபவரும் நிற்பார் என்றில்லை. முதல் வாரம் கூடவே நடந்தேன், அடுத்த வாரம் பத்தடி பின்னால். இப்போது அவள் தம்பியின் புத்தகப்பையைப் பிடித்து நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாள்.