மஞ்சள் கோடிட்ட பத்தியும் நீதிபதியின் கேள்வியும்

வக்கீலாக நான் பட்ட ஒரு அவமானத்திலிருந்து தொடங்குகிறேன். அடிப்படை உரிமை வழக்கு ஒன்றில் கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சாதகமான பத்தியில் மஞ்சள் கோடு. இரண்டு வரி படித்திருப்பேன். "சரி, அந்த நாட்டு அரசமைப்பில் இந்த உரிமை எந்த வார்த்தைகளில் இருக்கிறது?" என்றார் நீதிபதி. கோடு போட்ட பத்தியைத் தாண்டி நான் எதையும் படித்திருக்கவில்லை.

வெளிநாட்டுத் தீர்ப்பு இன்னொரு நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதற்கு இருப்பதெல்லாம் இணங்கவைக்கும் வலு மட்டுமே. அந்த வலுவும் தீர்ப்பின் முடிவில் இல்லை, அதற்குச் சொன்ன காரணத்தில் இருக்கிறது.

வெளிநாட்டுத் தீர்ப்பைக் கையாளும் முறைக்குத் தென்னாப்பிரிக்காவின் மக்வான்யானே தீர்ப்பைத்தான் (1995) ஜூனியர்களுக்குக் காட்டுவேன். மரண தண்டனை செல்லாது என்று முடிவு செய்த அந்த நீதிமன்றம், தனக்கு எதிரான தீர்ப்புகளை ஒளித்து வைக்கவில்லை. மரண தண்டனை செல்லும் என்ற இந்தியாவின் பச்சன் சிங் தீர்ப்பையும் (1980) அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்து அலசியது. சட்டப்படியான நடைமுறையின் வழியே உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு அவ்விரு அரசமைப்புகளின் வாசகங்களே இடம் தருகின்றன. தென்னாப்பிரிக்காவின் இடைக்கால அரசமைப்பிலோ உயிர்வாழும் உரிமைக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. வேறுபாடு எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு அத்தீர்ப்புகளிலிருந்து விலகியது நீதிமன்றம். அங்கே அரசமைப்பே இன்னொன்றும் சொல்கிறது: உரிமைகளுக்குப் பொருள் காணும்போது பன்னாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும், வெளிநாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொள்ளலாம்.

அமெரிக்காவில் வெளிநாட்டுச் சட்டத்தைக் காட்டலாமா என்பதற்கே சண்டை. குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்ற ரோப்பர் தீர்ப்பு (2005) உலக நாடுகளின் நிலையையும் சுட்டியது. அதே அமர்வில் இருந்த நீதிபதி ஸ்காலியா கடுமையாக மறுத்தார். தனக்கு ஒத்துவரும்போது மட்டும் வெளிநாட்டைக் காட்டுவது நியாயமா என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதற்காகக் கதவையே சாத்திவிட வேண்டுமா என்ன? எதிரான தீர்ப்பையும் நாமே மேசையில் வைத்தால் போயிற்று.

அப்புறம், நீங்கள் காட்டும் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கருக்கலைப்பு உரிமையை ஏற்ற, பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துப் பேசிய அமெரிக்காவின் ரோ எதிர் வேட் தீர்ப்பு (1973) 2022-இல் ரத்தானது. பழைய மனுவிலிருந்து வெட்டி ஒட்டும் ஜூனியர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.