சமுதாயக் கல்லூரியில் யார் படிப்பின் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஏன்?

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் என்னும் இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. கட்-ஆஃப் மதிப்பெண்ணும் கிடையாது. பள்ளி முடித்தவர், முடிக்காமலே பதினெட்டு வயதைத் தாண்டியவர், ராணுவத்திலிருந்து திரும்பியவர், நாற்பது வயதில் வேலை பறிபோனவர், பேரன் பேத்தி எடுத்தவர் என்று யார் விண்ணப்பித்தாலும் இடம் உண்டு. மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள். படிப்பவர்கள் ஏறக்குறைய இருபது லட்சம் பேர். நான் கணிதம் நடத்தும் மாலை வகுப்பில் மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலியின் மகள், கிடங்கில் இரவு வேலை பார்க்கும் இளைஞன், ஆப்கானிஸ்தானில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், கணவரின் வேலை விசாவை ஒட்டிக் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் வந்த நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரி எல்லோரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகையால், 'பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம்' என்று தலைப்பிட்டு நடக்கும் கூட்டங்களில் பாதி நேரம் முதல் சொல்லுக்கே போய்விடும்போது எனக்கு எரிச்சல் வரும். அது யாரும் அழைக்காமலே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. உணவுத் திருவிழா நடத்துகிறோம், கொடிகள் கட்டுகிறோம், சமோசா விற்கிறோம். சமோசாவின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆகஸ்டில் நிரம்பி வழிந்த வகுப்பில் டிசம்பர் தேர்வன்று எந்தெந்த நாற்காலிகள் காலி என்று பார்த்தால்தான் ஒரு கல்லூரியின் லட்சணம் தெரியும். அவை குலுக்கல் முறையில் காலியாவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள், கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் ஆகியோரின் இடங்களே முதலில் காலியாகின்றன.

இதைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்குச் சமுதாயக் கல்லூரி என்றாலே முகம் சுளிக்கத் தோன்றும் என்பதை அறிவேன். 'நம் பிள்ளை அங்கேயா?' என்று கல்யாண வீடுகளில் குரலைத் தாழ்த்திக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு அது) 46 டாலர்தான் கட்டணம்; 2012 முதல் ஏறவில்லை. இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், குறித்த தகுதிகளை எட்டிய சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இடத்தை உறுதி செய்தே தருகின்றன. எச்-4 விசாவில் இருப்பவர்கள் ஓராண்டுக்கு மேல் இங்கே நிலையாகக் குடியிருப்பதை ஆவணங்களோடு காட்டினால் மாநிலவாசிக் கட்டணத்திலேயே படிக்க முடியும். தெரியாமல் பல மடங்கு கட்டியவர்களைப் பார்த்திருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் துறையான கணிதம்தான் நீண்ட காலம் மாணவர்களை அதிகமாக வெளியேற்றிய இடம். அப்போதெல்லாம் சேர்ந்தவுடன் கணினியில் ஒரு தரம்பிரிக்கும் தேர்வு வைப்போம். பள்ளி முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கூட முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்து எழுதுவார். பின்னக் கணக்கில் தடுமாறினால், பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்துக்கு மூன்று படி கீழே தள்ளப்படுவார். அந்த மூன்று வகுப்புகளுக்கும் பணம் கட்ட வேண்டும், பருவம் பருவமாக உட்கார வேண்டும். பட்டத்துக்கு அவை கணக்கில் சேரா.

இதில் ஒளிந்திருக்கும் பெருக்கலைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி அடுத்ததற்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் எவரும் எழுபது விழுக்காட்டைக் குறை சொல்ல மாட்டார். நூறு பேர் எழுபதாகி, நாற்பத்தொன்பதாகி, முப்பத்து நான்காகி, கடைசியில் உண்மையான கல்லூரிப் பாடத்தை முடித்து வெளியே வருபவர்கள் இருபத்து நான்கு பேர். எந்த ஆசிரியரும் அநீதி செய்யவில்லை. எந்த மாணவரும் பெரிய தவறு செய்யவில்லை. எழுபத்தாறு பேரைக் காணவில்லை. மூன்று படி கீழே தள்ளப்பட்டவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஏழைப் பகுதிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களே அதில் நிறைந்திருந்தார்கள்.

2017-இல் நிறைவேறிய ஏ.பி. 705 என்ற மாநிலச் சட்டம் இதை உடைத்தது. பள்ளியில் படித்த பாடங்களையும் வாங்கிய மதிப்பெண்களையும் பார்த்தே இடம் தர வேண்டும், ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பு அதிகமாகும்படி சேர்க்க வேண்டும் என்றது. 2019 இலையுதிர் பருவத்துக்குள் எல்லாக் கல்லூரிகளும் மாற வேண்டியிருந்தது. 2022-இல் ஏ.பி. 1705 அதை மேலும் இறுக்கியது. கணித ஆசிரியர்கள் பலர் கொதித்தார்கள். இன்றும் கொதிப்பவர்கள் உண்டு. அடித்தளம் இல்லாதவனை மேல்மாடியில் ஏற்றுவதா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நேரடியாகச் சேர்ந்தவர்களில் தோற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியாகக் கூடவே நடத்த வேண்டிய துணை வகுப்பு ஒழுங்காக நடக்காத கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். ஆனால், முதல் ஆண்டிலேயே கல்லூரிக் கணிதத்தை முடிப்பவர்களின் எண்ணிக்கை மாநிலம் முழுவதும், எல்லா இனத்தவரிலும், வெகுவாக உயர்ந்தது. இனங்களுக்கு இடையிலான இடைவெளி முற்றாக மூடவில்லை.

இந்தச் சட்டம் எந்தச் சாதிக்கும் இனத்துக்கும் தனிச் சலுகை தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 209-இன்படி, கலிபோர்னிய அரசுக் கல்லூரிகள் இனத்தையோ பாலினத்தையோ பார்த்துச் சலுகை தர முடியாது. நம் ஊர் இடஒதுக்கீட்டு முறையில் வளர்ந்த எனக்கு முதலில் இது கை கட்டியது போல இருந்தது. பிறகுதான், எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்றை மாற்றினாலே அது யாருடைய கழுத்தை அதிகம் நெரித்ததோ அவருக்கு அதிக மூச்சு கிடைக்கும் என்பது விளங்கியது.

வகுப்பறைக்குள் வருவோம். 1970-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஊக்கமில்லை, பள்ளித் தயாரிப்பு போதவில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று சக ஆசிரியர்கள் காரணங்களை அடுக்கினார்கள். அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய்க் கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன எதுவும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார். கறுப்பின மாணவர்கள் தனியறையில் உட்கார்ந்து, தவறான வழியில் மணிக்கணக்கில் உழைத்தார்கள். பின்னர் அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து செய்ய வைத்த பட்டறைகளில் பங்கேற்ற மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். இரக்கப்பட்டு எளிய கணக்கு கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி.

பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் விடுதி கிடையாது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பார்க்கிங்கை நோக்கியோ பஸ் நிறுத்தத்தை நோக்கியோ ஓடுகிறார்கள். 'குழுவாகச் சேர்ந்து படியுங்கள்' என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனால் ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்கள் மட்டுமே சேருவார்கள். அதனால் குழுவை வகுப்பு நேரத்திலேயே நான்தான் அமைக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கலைத்துவிடுகிறேன். என் அலுவலக அறைக்கு ஒருமுறை வந்து போவதை இரண்டாம் வார வீட்டுப்பாடமாகவே கொடுத்துவிடுகிறேன். ஆசிரியரின் கதவைத் தட்டினால் திட்டு விழும் என்று நினைத்து வளர்ந்தவர்கள், தட்டுவதற்கு மதிப்பெண் உண்டு என்றால் தட்டுகிறார்கள்.

குழு அமைப்பதில் நம்மவர் சங்கதி ஒன்றும் உண்டு. இந்திய மாணவர்கள் இருவர் ஒரே குழுவில் அமர்ந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் முழுப் பெயர் என்ன என்றார். பிறகு எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, வீட்டில் சைவமா என்று வரிசையாகப் போனார். பக்கத்திலிருந்த அமெரிக்க மாணவருக்கு அது அன்பான விசாரிப்பாகத் தோன்றியிருக்கும். கேட்கப்பட்ட பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்த எனக்குக் கேள்வி எங்கே போய் முடியப் போகிறது என்று புரிந்தது. கணக்கைப் பாருங்கள் என்று குறுக்கே புகுந்தேன்; அடுத்த வாரம் குழுவைக் கலைத்தேன். கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. சாதிப் பாகுபாட்டைத் தனியே பெயரிட்டுத் தடுக்கும் எஸ்.பி. 403 மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இந்தியர் அதிகம் படிக்கும் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரமாவது சொல்லித்தர வேண்டும். அந்த விசாரிப்பின் உள்ளர்த்தம் தெரியாதவர் அதைத் தடுக்கவும் மாட்டார்.

மாற்றுத்திறன் பற்றியும் நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உள்ளது. பள்ளியில் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருந்தால் கண்டறிந்து தனித் திட்டம் வகுப்பது பள்ளியின் பொறுப்பு. கல்லூரியில் அது தலைகீழ்: மாணவரே உரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். 1973-இன் மறுவாழ்வுச் சட்டப் பிரிவு 504-உம், 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உரிமையைத் தருகின்றன. ஆனால் கேட்காதவருக்கு எதுவும் தானாக வராது. தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், அமைதியான அறை, குறிப்பெடுக்க உதவி போன்றவை ஆசிரியர் காட்டும் கருணை அல்ல. என்ன குறைபாடு என்று என்னிடம் சொல்லவே தேவையில்லை. அலுவலகம் தரும் கடிதம் போதும். 'பெயர் கெட்டுவிடும்' என்று மகனின் பரிசோதனை அறிக்கையை வீட்டில் பூட்டிவைத்த தாய் தந்தையரை எனக்குத் தெரியும். அவன் இரண்டு பருவம் தோற்ற பிறகே அந்தக் காகிதம் வெளியே வந்தது.

பணம், நேரம் இரண்டையும் பற்றி நியூயார்க்கில் கிடைத்த பாடத்தைவிடத் தெளிவானதை நான் பார்த்ததில்லை. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஏசாப் என்ற திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிப்பவருக்கு மெட்ரோ பயண அட்டை, பாடப்புத்தகம், உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம் ஆகியவற்றைக் கொடுத்து, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஒருவரையும் நியமித்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. ஓஹையோவில் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோதும் நல்ல பலன் கிடைத்தது. ஒரு பயண அட்டைக்குப் பட்டப்படிப்போடு என்ன தொடர்பு என்று கேட்பவர் மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணியதில்லை. மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதைவிட விலை கூடிய புத்தகத்தை வாங்கச் சொல்லும் ஆசிரியர்களும் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் துறையில் இலவச மின்நூலுக்கு மாறிவிட்டோம். கணிதம் ஒன்றும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு கேட்பதில்லை.

அரசியல் பக்கம் காற்று மாறியிருக்கிறது. டெக்சாஸில் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி முதல் அரசுக் கல்லூரிகளில் 'பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம்' என்ற பெயரில் இயங்கிய அலுவலகங்களை மூடச் சொன்னது; 2025 ஜனவரியில் கூட்டாட்சி அரசும் எதிர் ஆணைகளைப் பிறப்பித்தது. கல்லூரிகள் பல அவசரமாகப் பெயர்ப்பலகைகளைக் கழற்றுகின்றன. பெயர் போனால் பெரிய இழப்பில்லை; இதுவரை சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பெயரே தேவைப்படவில்லை. யார் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று இனவாரியாகவும் வருமானவாரியாகவும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதனோடு போய்விடுமோ என்பதுதான் என் கவலை. மூன்று படி வகுப்புகளின் பெருக்கலை அந்த அட்டவணைகள்தான் எங்களுக்குக் காட்டின.

பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கழிந்ததும் கலிபோர்னியாவில் தலைக்கணக்கு எடுக்கும் நாள் வரும். கல்லூரிக்கு வரும் நிதியின் பெரும்பகுதி அன்று வகுப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கையை ஒட்டியது. 2018-இல் வந்த புதிய நிதிச் சூத்திரம் தேர்ச்சிக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்கினாலும், அந்நாளுக்குப் பின் ஒருவர் நின்றுவிட்டால் உடனடியாக யாருடைய பெட்டியிலும் பணம் குறைவதில்லை. எனவே தேடுவாரும் இல்லை. எங்கள் துறையில் அதற்கு அடுத்த வாரமே, தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவர்களின் பட்டியலை எடுத்துத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினோம். கணக்கு புரியவில்லை என்று சொன்னவர்கள் குறைவு. கார் பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல், உதவித்தொகை இன்னும் வரவில்லை என்றார்கள். கிடங்கில் வேலை பார்ப்பவர்கள் பலரும் ஷிப்ட் மாறிவிட்டது, காலை வகுப்பு கிடைக்குமா என்றார்கள். அந்தப் பாடத்துக்குக் காலை எட்டு மணிக்கு வகுப்பே இல்லை. அடுத்த பருவத்தில் ஒன்று திறந்தோம். இரவு வேலை முடித்து நேராக வருபவர்களே அதில் பாதிப் பேர்.