ஒளி எழுப்பும் ஒலியைத் தொடாமல் அறிவது எப்படி?

ஒரு பொருளின் மீது ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அப்பொருள் ஒலி எழுப்பும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அவர் பயன்படுத்திய சூரிய ஒளிக்குப் பதிலாக இன்று சில நானோநொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்புகள் பயன்படுகின்றன. ஒளியை உறிஞ்சிய இடம், வெப்பம் சுற்றிலும் பரவ அவகாசமின்றித் திடீரென விரிய முனைவதால், அங்கே அழுத்தம் உயர்ந்து, காதுக்குக் கேட்காத அதிவேக அதிர்வான மீயொலி அலையாகப் புறப்படுகிறது. மென்திசுவின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலே ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தம் தோன்றும். இரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் ஒளியை நன்கு உறிஞ்சுவதால், சாயம் எதையும் செலுத்தாமலேயே இரத்த நாளங்களைப் படமெடுக்கலாம்.

சிக்கல் அந்த அலையைக் கேட்பதில்தான் இருக்கிறது. வழக்கமான மீயொலி உணரியை நீர் அல்லது ஜெல் வழியாகத் தோலோடு ஒட்டி வைக்க வேண்டும். திசுவின் ஒலித்தடை (ஒலியின் அசைவுக்கு ஊடகம் காட்டும் எதிர்ப்பு) காற்றினுடையதைவிட மூவாயிரம் மடங்குக்கும் அதிகம் என்பதால், இடையில் காற்று இருந்தால் அலையின் ஆற்றலில் 99.9 விழுக்காடு எல்லையிலேயே திரும்பிவிடும். தீக்காயத்திலோ கண்ணிலோ உணரியை அப்படி ஒட்டுவது எளிதன்று.

ஆனால் ஒலியை மறிக்கும் அதே எல்லை, அலை மோதும்போது மிக நுண்ணிய அளவில் அசைகிறது. அந்த அசைவைக் காற்றின் குறுக்கே ஒளியால் அளக்கலாம். குறுக்கீட்டுமானி ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மேற்பரப்பில் பட்டுத் திரும்பச் செய்து மற்றொன்றோடு சேர்க்கிறது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், மேற்பரப்பு ஒரு நானோமீட்டர் நகர்ந்தால் இரு கற்றைகளுக்கும் இடையிலான கட்ட வேறுபாடு, அதாவது ஒன்றின் அலை மற்றதிலிருந்து முந்தியோ பிந்தியோ நிற்கும் அளவு, முழு அலைக்கு 360 பாகை என்ற கணக்கில் சுமார் அரைப் பாகை மாறும். உண்மையான அசைவு பெரும்பாலும் அதனினும் சிறியது.

மூச்சும் நாடித் துடிப்பும் தோலை இதைவிடப் பல்லாயிரம் மடங்கு நகர்த்துகின்றன என்றாலும், அவை மெதுவானவை. நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் மீயொலியிலிருந்து அவற்றை வடிகட்டிவிடலாம். தோலின் சொரசொரப்புதான் பெருந்தொல்லை: திரும்பும் ஒளியின் அலைமுகப்பு (அலையின் முன்பரப்பு வடிவம்) சிதறிப்போய், சீரான கற்றையோடு சேர மறுக்கிறது. இதற்கு ஒளிவிலகல் எண் ஒளிக்கேற்ப மாறும் சிலவகைப் படிகங்களைப் பயன்படுத்துவது, என் பார்வையில், இத்துறையின் மிக நேர்த்தியான உத்தி. சிதறிய அலைமுகப்பைப் படிகம் ஹோலோகிராமாக, அதாவது ஒளி அலையின் முழு வடிவத்தையும் காக்கும் பதிவாக, பதிந்துகொண்டு, மற்றக் கற்றையையும் அதே வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. மெதுவான அசைவுகளுக்குப் பதிவு தானே ஈடுகொடுப்பதால், வேகமான அசைவுகள் மட்டுமே உணரியில் தெரிகின்றன.

2017-இல் வெளியான மற்றொரு முறை மேற்பரப்பு அசைவையே நாடவில்லை. அழுத்தம் பிறந்த இடத்தில் ஒளிவிலகல் எண் கணநேரம் மாறுவதால், அங்கே குவிக்கப்பட்ட இரண்டாவது லேசரின் எதிரொளிப்பும் மாறுகிறது. அலை பயணம் செய்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கான விலை ஆழம்: திசுவில் ஒளியைக் கூர்மையாகக் குவிக்க முடிவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரைதான்.