விதியை மாற்றினால் ஆட்டமே கற்றுத்தரும்

வரிசையாக வைத்த கூம்புகளுக்கிடையே பந்தை அழகாக வளைத்து ஓட்டிச்செல்லும் மாணவர், ஆட்டம் தொடங்கியதும் எதிரே வரும் முதல் ஆளிடமே பந்தைப் பறிகொடுப்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பார்கள். பதற்றம் என்றோ கவனக்குறைவு என்றோ இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கூம்பு நகர்வதில்லை, காலை நீட்டுவதில்லை, ஒரு பக்கம் சாய்வதுபோல் போக்குக் காட்டி மறுபக்கம் பாய்வதுமில்லை. ஆகவே பந்தை எப்போது திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற கேள்வியே அந்தப் பயிற்சியில் எழவில்லை. மாணவர் கற்றது காலின் அசைவை மட்டுமே. எதைப் பார்த்து எந்தக் கணத்தில் அதைச் செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

இந்த இடைவெளியை எடுத்துக்காட்டி, 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தோர்ப் இருவரும் ஒரு கற்பித்தல் முறையை முன்வைத்தார்கள். அதுவரை வகுப்புகளில் நுட்பம் முதலில், ஆட்டம் கடைசியில் என்ற வரிசையே வழக்கமாக இருந்தது. அவர்கள் அதைத் திருப்பிப்போட்டார்கள். மாணவர் முதலில் தன் வயதுக்கேற்பச் சுருக்கப்பட்ட ஓர் ஆட்டத்தை ஆடுவார். அதன் விதிகள் என்ன கேட்கின்றன என்று உணர்வார். பிறகு உத்தி பிடிபடும். பிறகு ‘இப்போது என்ன செய்வது, எப்படிச் செய்வது’ என்ற முடிவெடுப்பு வரும். நுட்பம் அதற்குப் பின்னரே, அதன் தேவையை மாணவரே உணர்ந்த நிலையில், கற்பிக்கப்படும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு, கண்ணும் உடலும் சேர்ந்து இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் எதிர்வினையைத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி தேவை. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பந்தைக் கடைசிவரை யாரும் விடாமல் பின்தொடரவில்லை என்று தெரியவந்தது. பந்து புறப்படுவதைப் பார்த்த கண், அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருந்தது. திறமை மிக்கவரின் கண் இந்தத் தாவலைச் சற்று முன்னதாகவே செய்தது. திறமையின் ஒரு பெரும்பகுதி எதை எப்போது பார்ப்பது என்பதில் இருக்கிறது என்றால், பார்ப்பதற்கு எதுவுமில்லாத பயிற்சியில் அந்தப் பகுதி வளர வழியில்லை.

கூடைப்பந்திலும் இதற்கு ஒத்த சான்று உண்டு. ஆட்டக் காட்சிகளின் படங்களைச் சில நொடிகள் காட்டி, வீரர்கள் எங்கெங்கே நின்றார்கள் என்று கேட்ட 1980-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஒழுங்கான தாக்குதல் அமைப்புகளை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அமைப்பில்லாமல் சிதறிய காட்சிகளில் அந்த முன்னிலை மறைந்துவிட்டது. அவர்களுடைய பொதுவான நினைவாற்றல் மற்றவர்களுடையதைவிடப் பெரிதல்ல. ஆடி ஆடி அவர்கள் பெற்றது, களத்தை வடிவங்களாக வாசிக்கும் பழக்கம்.

மிக எளிய ஓர் ஆட்டத்தை அருகிலிருந்து பார்ப்போம். பக்கத்துக்கு எட்டடி எடுத்துவைக்கும் அளவுள்ள ஒரு சதுரம். மூன்று பேர் மூலைகளில் நின்று பந்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் நிற்கும் ஒருவர் அதைப் பறிக்க வேண்டும். நான்கு மூலைகளுக்கு மூன்று பேர் என்பதால் ஒரு மூலை எப்போதும் காலியாக இருக்கும்; பாடம் முழுவதும் அந்தக் காலி மூலையில்தான் இருக்கிறது. மூலைகளை வரிசையாக ஒன்று முதல் நான்கு வரை எண்ணிக்கொள்ளுங்கள். பந்து முதல் மூலையில் இருக்கிறது, துணைவர்கள் இரண்டிலும் நான்கிலும் நிற்கிறார்கள் என்றால், பந்து வைத்திருப்பவருக்கு இரு பக்கமும் வழி திறந்திருக்கிறது. பந்து இரண்டாம் மூலைக்குப் போனவுடன் நிலைமை மாறுகிறது: நான்காம் மூலையில் நிற்பவர் இப்போது குறுக்கே, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். அவர் உடனே மூன்றாம் மூலைக்கு ஓடினால் மீண்டும் இரண்டு வழிகள் கிடைக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் எதிராளி ஒரே ஒரு வழியை அடைத்தால் போதும்.

தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களிலும் அவர் ஓடுவதில்லை, ‘எனக்குப் போடு’ என்று கத்திக்கொண்டு நிற்பார். இங்கே விசில் ஊதி முக்கோண அமைப்பைப் பற்றி விரிவுரை ஆற்றுவது பயனற்றது. “பந்து உன்னிடம் வந்தபோது எத்தனை பேருக்குக் கொடுக்க முடிந்தது?” என்று கேட்டால் போதும்; “ஒருவருக்குத்தான்” என்று பதில் வந்ததும், இரண்டு பேராக்க என்ன செய்யலாம் என்பது அடுத்த கேள்வி. சிறிது நேரத்தில் பந்து இல்லாதவர் ஓடத் தொடங்குவார். அவர் கற்றது கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் ஹேண்ட்பாலிலும் அதே ஓட்டம் தேவைப்படுகிறது. எதிரணியின் எல்லைக்குள் ஊடுருவும் ஆட்டங்கள், வலைக்கு இருபுறமும் நின்று ஆடுபவை, அடித்துவிட்டு ஓடுபவை, இலக்கை நோக்கி எறிபவை என்று ஆட்டங்களை நான்கு குடும்பங்களாகப் பிரிப்பதன் பயன் இதுதான்: ஒரு குடும்பத்துக்குள் உத்திகள் ஓர் ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூடவே வரும்.

எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பு, நாற்பது நிமிடம், ஒரே பந்து என்றால், ஒரு நொடிகூட வீணாகாமல் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் பந்து தொடும் நேரம். நடைமுறையில் ஏழெட்டு பேர் அதை எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நாலுக்கு நாலு என்று ஐந்து பந்துகளோடு பிரித்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம். மேலே சொன்ன சதுர ஆட்டத்தில் பத்துப் பந்துகளோடு பத்து நிமிடம். ‘பந்தைக் கொடுத்து விளையாட விட்டுவிட்டேன்’ என்பதும் ஆட்டத்தின் வழியே கற்பிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆசிரியரின் கைத்திறன் விதிகளை மாற்றுவதில் இருக்கிறது. மாற்றம் இரு வகைப்படும். முதல் வகை, பெரியவர்களின் ஆட்டத்தைச் சிதைக்காமல் உருவத்தில் சுருக்குவது. சிறுவர் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டராகக் குறைகிறது. டென்னிசில் பத்து வயதுக்கு உட்பட்டோரின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கான சிவப்புப் பந்து மெதுவாகவும் தாழ்வாகவும் எழும்புவதால், தலைக்கு மேல் துள்ளும் பந்தைச் சமாளிக்கத் திணறாமல் எதிராளியை எங்கே ஓடவைக்கலாம் என்று ஒரு சிறுவரால் யோசிக்க முடிகிறது.

இரண்டாம் வகை, ஒரு குறிப்பிட்ட சிக்கலை மிகைப்படுத்திக் காட்டுவது. இறகுப்பந்துக் களம் 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டின் வழியே அதை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியில் மட்டும் இருவரை ஆடவிட்டால், பக்கவாட்டில் ஏமாற்றிப் புள்ளி எடுக்க இடமே இருக்காது. எதிராளியைப் பின்கோட்டுக்குத் தள்ளிவிட்டு வலையோரம் இறகை மெல்ல விழவைப்பது ஒன்றே வழியாகிறது. யாரும் சொல்லாமலே ஆட்டம் முன்னும் பின்னும் விரிகிறது.

இத்தகைய வகுப்பு பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்காது, ஆனால் அந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு பயன் உண்டு. ரஷ்ய அறிஞர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, சுத்தியலின் முனை சீராக இலக்கை அடைந்தாலும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் சற்றே வேறுபட்ட விதத்தில் அசைந்ததைக் கண்டார். ஒரே அசைவை அச்சுப்போல் திரும்பச் செய்வது தேர்ச்சியின் அடையாளமல்ல. ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் 1979-இல் நடத்திய கையசைவுச் சோதனையில், ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது முன்னணியில் இருந்தார்கள். பல அசைவுகளைக் கலந்து பழகியவர்களோ நாள் கடந்த சோதனையில் நினைவில் தக்கவைத்து முந்தினார்கள். வகுப்பில் தெரியும் தடுமாற்றத்தை மட்டும் வைத்துக் கற்றலை எடைபோட்டால் தவறாகவே முடியும்.

ஆனால் விதி மாற்றமும் எதிர்பாராத பாடத்தைக் கற்பித்துவிடும். ‘ஐந்து பாஸ் ஆன பிறகே கோல் அடிக்கலாம்’ என்ற விதி கூட்டாட்டத்தை வளர்க்கும் என்று தோன்றும். உண்மையில் கோல் வாய் திறந்து கிடக்கும்போதும் பக்கத்தில் நிற்பவரிடம் பந்தைத் தட்டி எண்ணிக்கையை நிரப்பும் பழக்கத்தையே அது உண்டாக்குகிறது. இந்த விதியை எவ்வளவு பேர் பரிந்துரைத்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈட்டி எறிதல், நீச்சல் போன்றவற்றுக்கு இந்த முறை முழுமையாகப் பொருந்தாது. அங்கே எதிராளியை வாசிக்கும் தேவை குறைவு, பாதுகாப்போ முதன்மையானது. ஆட்டவழி முறையையும் நுட்பவழி முறையையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே குரலில் பேசவில்லை. களத்தில் முடிவெடுக்கும் திறனிலும் ஆர்வத்திலும் ஆட்டவழிக்குச் சாதகமான முடிவுகள் உண்டு, தனி நுட்பத் தேர்ச்சியில் வேறுபாடு அவ்வளவு தெளிவில்லை.

மதிப்பீடும் இதற்கேற்ப மாறியாக வேண்டும். சுவரில் பந்தை எத்தனை முறை அடித்தார் என்று எண்ணும் தேர்வு, காலி மூலைக்கு ஓடியவரைக் கண்டுகொள்ளாது. ஓஸ்லின், மிட்செல், கிரிஃபின் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கருவியில், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மாணவரின் சரியான முடிவுகளையும் தவறான முடிவுகளையும் தனித்தனியே கோடிட்டுக் குறிக்கிறார்கள். நுட்பம் கைகூடியதா என்பதற்குத் தனிப் பத்தி, பந்தின்றித் துணைக்கு வந்ததற்குத் தனிப் பத்தி. அந்தத் தாள் அடுத்த வகுப்பையும் திட்டமிட்டுத் தருகிறது. முடிவுகள் சரியாக இருந்தும் பாஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றால், ஆட்டத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பாஸை மட்டும் பழக்கலாம். பாஸ் நன்றாக இருந்தும் வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை என்றால், சதுரத்தின் அளவையோ நடுவில் நிற்போரின் எண்ணிக்கையையோ மாற்ற வேண்டும்.